தலைவர் தள்ளிய ஓட்டமும் எனக்குத் தவறுதலாகக் கிடைத்த முதலிடமும்

அனுப்புநர்:
அன்னமலர் ஜெயசிங்கம்,
வென்ட்வேர்த்வில்,
நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
உயர்திரு. க. ஆனந்தராஜா அவர்கள்,
தலைவர்,
மேற்குச் சிட்னித் தமிழர் விளையாட்டு விழாக் குழு,
மெரிலேண்ட்ஸ்.

பொருள்: சக்கரக் கதிரை எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் எனக்கு வழங்கப்பட்ட முதலிடத்தை நீக்கி, அவ்வோட்டத்தை மீண்டும் நடத்தக் கோருதலும், அவ்வேளை தலைவர் அவர்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவைக்கக் கோருதலும்.

பெருமதிப்புக்குரிய தலைவர் ஐயா,

1. சென்ற மாதம் நடைபெற்ற பொங்கல் விளையாட்டு விழாவில் பங்குபற்றி, முதலிடம் பெற்றதாக அறிவிக்கப்பட்டு, கிண்ணமும் வாங்கி, அன்றிலிருந்து நிம்மதி கெட்டிருப்பவள் நான். பொதுவாகத் தோற்றவர்கள்தான் முறைப்பாடு எழுதுவார்கள். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி மற்றவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். வென்றவள் முறைப்பாடு எழுதினால் என்ன சொல்லிச் சிரிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை தமிழில் பழமொழி இல்லை. ஆகவே தாங்கள் இம்மனுவை முழுவதும் வாசிக்க வேண்டியிருப்பதற்காக வருந்துகிறேன்.

2. என்னைப் பற்றி. மன்னாரில் பிறந்தவள். சிறுவயதில் வந்த காய்ச்சலில் இரு கால்களும் செயலிழந்தன. இப்போது வயது நாற்பத்தாறு. குழாய் திருத்தும் நிறுவனமொன்றில் தொலைபேசிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இந்தப் பக்கத்தில் எவர் வீட்டுக் குசினியில் தண்ணீர் ஒழுகினாலும் அவர் முதலில் கேட்பது என் குரலாகத்தான் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்த கையோடு பந்தயக் கதிரையில் ஏறிவிடுவேன். அதைக் கண்டிராத குழு உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்: பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள் சாய்வாக இருக்கும், முன்னால் நீட்டிய கம்பியில் ஒரு சிறிய சக்கரம். கையுறை போட்ட கைகளால் பெரிய சக்கரத்தின் வளையத்தை அடித்து அடித்து ஓட்ட வேண்டும். இந்தக் கதிரைக்குப் பின்புறத்தில் பிடி கிடையாது. பிடி இல்லை என்பதைக் குழு தயவுசெய்து மனதில் வைத்திருக்கவும்.

3. செல்வி ஜெசிக்கா அலன் பற்றி. வயது இருபத்திரண்டு. பிறவியிலேயே முதுகுத்தண்டில் பாதிப்பு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். ஓடுதளத்தில் எந்த மொழியிலும் பதில் சொல்லாமல் முன்னே போய்விடுவார். அவருக்கும் எனக்கும் இருப்பது நட்பு என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. அவர் என் எதிராளி. பயிற்சியில் ஒரு தடவையேனும் நான் அவரை முந்தியதில்லை. ஆனால் சென்ற ஆண்டின் கடைசிப் பகுதியில் அவர் ஓடும்போது பின்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். அதற்கு முன் அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவர் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து தனியே இருந்து பாயசம் காய்ச்சிக் குடித்தேன்.

4. தங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றியையும் பதிவுசெய்ய வேண்டும். சக்கரக் கதிரை ஓட்டத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்று குழுவில் வாதாடியவர் தாங்களே. அதற்கு முன் எங்கள் விழாக்களில் என் போன்றவர்களுக்கு இரண்டு இடங்கள்தான் இருந்தன. ஒன்று மேடை, பொன்னாடை போர்த்துவதற்கு. மற்றது மேடைக்குப் பக்கத்து நிழல், வெயில் படாமல் பத்திரமாக வைத்திருப்பதற்கு. ஒரு முறை சங்கீதக் கதிரைப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்தேன். "அக்காவிட்டத்தான் ஏற்கெனவே கதிரை இருக்குதே" என்று சொல்லி அப்போதைய செயலாளர் மறுத்துவிட்டார். அந்தத் தீர்ப்பில் எனக்கு மனக்குறை இல்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் இரண்டு பெருநாட்கள் நன்றாகக் கழிந்தன. என்றாலும், முதன்முதலாக எங்களை ஓடுதளத்தில் இறக்கிவிட்டவர் தாங்கள் என்பதை மறந்து ஒரு வரியும் இங்கே எழுதப்படவில்லை.

5. இனி ஓட்டம். நான்கு பேர் ஓடினோம். முதற் சுற்றில் சனம் எங்களைப் பார்த்த விதம் எனக்கு நன்கு பழக்கமானது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, உச்சுக் கொட்டி, நால்வருக்கும் ஒரே அளவாகக் கைதட்டினார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று பார்க்காமல் தட்டும் கைதட்டலை நான் கண்ணை மூடிக்கொண்டும் அடையாளம் காண்பேன். இரண்டாம் சுற்றில் ஜெசிக்காவுக்கும் எனக்கும் இடையில் இருந்த தூரம் சுருங்கத் தொடங்கியது. அதைச் சனம் கண்டுகொண்டது. உச்சுக் கொட்டுவது நின்றுபோயிற்று. தேநீர்க் கொட்டகையில் வரிசையில் நின்றவர்கள் கையில் றோல்ஸ் பலகாரத்தோடு ஓடுதள ஓரத்துக் கயிற்றடிக்கு ஓடி வந்தார்கள். "விடாதையுங்கோ அன்ரி, பிடியுங்கோ" என்றது ஒரு குரல். "ஜெசி, கோ, கோ, அன்ரி வாறா" என்றது இன்னொன்று. மரத்தடியில் இருந்த ஒருவர் எழுந்து நின்று, "என்ன அன்ரி, நித்திரையே?" என்று கத்தினார். ஐயா, இத்தனை வயதுக்கு ஒரு தமிழ்ச் சபையில் என்னை யாரும் ஏசியதில்லை. என்னைப் பார்த்துப் பாவம் என்றிருக்கிறார்கள், தெய்வம் என்றிருக்கிறார்கள், கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளியிருக்கிறார்கள். சோம்பேறி என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். சந்தோசத்தில் எனக்குக் கை இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. அவர் யாரென்று குழுவுக்குத் தெரிந்தால் அறியத்தரவும். அவருக்கு ஒரு நல்ல கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க விரும்புகிறேன்.

6. கடைசி நேர்ப்பாதை. ஜெசிக்கா முன்னால், நான் நெருங்கிக்கொண்டு பின்னால். ஜெசிக்கா தலையைக் குனிந்துகொண்டார். வேகமாக ஓட்டுபவர்கள் எல்லோரும் குனிவார்கள்; நிமிர்ந்தால் காற்று மறிக்கும். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் பட்டுவேட்டியும் குழுச் சின்னமும் அணிந்து நின்ற தாங்கள் அந்தக் குனிவை மயக்கமென்று எண்ணிவிட்டீர்கள். ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, பயப்பிடாதை, நான் இருக்கிறன்" என்றபடி ஓடுதளத்துக்குள் இறங்கினீர்கள். பிடியே இல்லாத கதிரையின் பின்புறச் சட்டகத்தை எப்படியோ பிடித்தும் விட்டீர்கள். தங்கள் இடது செருப்பு கழன்று என் பாதையில் வந்து விழுந்தது. அதை விலத்தி ஓட்டியதில் எனக்கு ஏற்பட்ட இழப்பை இம்மனுவில் நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஜெசிக்காவும் அவரைப் பிடித்தபடி தாங்களும் முடிவுக் கோட்டைக் கடந்தீர்கள். அடுத்து நான் கடந்தேன். யாரை முதல் என்று சொல்வது எனத் தெரியாத ஒலிபெருக்கி அறிவிப்பாளர், "தலைவர் வந்துவிட்டார்" என்று அறிவித்தார்.

7. நடுவர் திருமதி இரஞ்சிதம் அவர்கள், வெளியார் ஒருவரின் உதவியைப் பெற்றார் என்று ஜெசிக்காவைப் போட்டியிலிருந்து நீக்கினார். அவர் யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர்; பெற்ற பிள்ளை கோட்டை மிதித்தாலும் கொடியைத் தூக்குபவர். உதவி என்றால் நீக்கம் என்பதுதான் விதி. அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டாவதாக வந்த நான் முதலாவதானேன். தங்கள் கையாலேயே எனக்குக் கிண்ணமும் தந்தீர்கள், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு காலில் செருப்பில்லாமல்.

8. ஆனால் அது உதவிதானா என்பதே என் கேள்வி. பலர் தொலைபேசியில் எடுத்த காணொளிகளை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவற்றில் கதிரையைத் தாங்கள் தள்ளவில்லை. கதிரைதான் தங்களை இழுத்துக்கொண்டு போகிறது. தங்கள் உடல்வாகைப் பற்றி எழுதுவது மரியாதையல்ல. எனினும் அந்த முழு உடல்வாகும் அப்போது ஜெசிக்காவின் இரண்டு கைகளில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன். இதற்குப் பெயர் இடைஞ்சல். ஓட்டக்காரருக்கு இடைஞ்சல் நேர்ந்தால் ஓட்டத்தை மீண்டும் நடத்தலாம். இதைப் பற்றி நடுவரிடமே கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "இடைஞ்சல் எண்டால் திருப்பி ஓடலாம்தான் பிள்ளை. ஆனால் தலைவரை இடைஞ்சல் எண்டு ஆர் எழுதுறது?" என்றார். தங்கள் மன்னிப்பை வேண்டி, நான் எழுதுகிறேன்.

9. தங்கள் மனதில் தீங்கு இல்லை என்பதை நான் அறிவேன். எங்கள் ஆட்களுக்கு இது பழக்கம். சக்கரக் கதிரையைக் கண்டால் கை தானாகப் போய்ப் பின்னால் பிடித்துக்கொள்ளும். வாயால் கேட்கும் வழக்கம் இல்லை. வென்ட்வேர்த்வில் புகையிரத நிலையத்தடியில் உள்ள கடைக்கு ஒருநாள் அரிசி வாங்கப் போனேன். வாசலில் நின்று அரிசிப் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளை, வெளியே போக வழியில்லாமல் நிற்கிறேனாக்கும் என்று நினைத்து ஒரு நல்ல மனிதர் தெருவுக்குக் கொண்டுபோய், வீதியையும் கடத்தி, அந்தப் பக்கத்து நடைபாதையில் விட்டுவிட்டு, "கவனமாப் போங்கோ தங்கச்சி" என்று சொல்லிப் போனார். நானும் நன்றி சொன்னேன். அவர் மனம் நோகக்கூடாதே என்று அன்றைக்கு அரிசி வாங்காமலே வீடு திரும்பினேன். கடையில் என்றால் நான் இன்னொரு நாள் வாங்கிக்கொள்வேன். ஓட்டத்தில் அப்படி முடியாது.

10. விழா முடிந்து வீடு போய்ச் சேருமுன்னரே, தாங்கள் ஜெசிக்காவின் கதிரையைப் பிடித்தபடி ஓடும் படம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது. அதன் மேல் "மனிதநேயம் இன்னும் சாகவில்லை" என்று எழுதியிருந்தார்கள். படத்தின் நடுவில் தங்கள் முகம், கருணையும் களைப்புமாக. ஜெசிக்காவின் குனிந்த முதுகு தெரிகிறது. ஓரத்தில் என் முன்சக்கரம் மட்டும் தெரிகிறது. முதலிடம் பெற்றவள் நான் என்பது அதைப் பார்ப்பவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. எனக்கு அந்தப் படத்தைப் பதினொரு பேர் அனுப்பினார்கள், என் சொந்தத் தங்கை உட்பட. முடிவுக் கோட்டருகே ஜெசிக்கா ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பது உண்மை. பிறகு அழுதேன் என்பதும் உண்மை.

11. இது எங்கள் இருவருடைய சின்னச் சண்டை என்று குழு நினைக்கக்கூடும். அதனால் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். படகில் வந்தவர். தற்காலிக விசாவில் பண்டகசாலை ஒன்றில் வேலை செய்கிறார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். வேலையிடத்தில் தெரிந்தால் வேலை நேரத்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் எந்த வெயிலிலும் நீளக் காற்சட்டைதான். அன்று கயிற்றடியில் நின்றார். இரண்டாம் சுற்றில், சனம் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், குனிந்து காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றதை வளைவில் வரும்போது நான் என் கண்ணால் கண்டேன். ஓட்டத்துக்கு முன் என்னிடம், அடுத்த வருசம் தானும் ஏதாவது ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமோ என்று கேட்டிருந்தவர் அவர். கிண்ணத்தோடு நான் திரும்பி வந்தபோது காற்சட்டை பழையபடி கீழே இறங்கியிருந்தது. "வேண்டாம் அக்கா," என்றார். "என்னையும் பிடிச்சுக்கொண்டு ஓடுவினம்."

12. ஆகவே ஐயா, மாற்றுத்திறனாளர்கள் விளையாடுவதைச் சனம் ஏன் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், பெரிய பேச்சு எதுவும் எனக்கு வராது. அந்த மனிதரின் காற்சட்டை மடிந்ததையும் இறங்கியதையும் மட்டும் சொல்வேன். முதலில் அவர் கண்டது, இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் வெல்லப் பார்ப்பதையும், ஊரே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று கத்துவதையும். பிறகு கண்டது, ஒரு நல்லவர் ஒரு பாவப்பட்ட பிள்ளைக்கு உதவுவதை. இரண்டாவதை அவர் ஏற்கெனவே நிறையக் கண்டிருக்கிறார். அதைப் பார்க்க அவர் வேலையிடத்தில் லீவு போட்டு வரத் தேவையில்லை. அன்று கத்தியவர்களும் திங்கட்கிழமை வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஆட்களை வேலைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள், வகுப்பில் பிள்ளைகளை விளையாட்டுக்குத் தெரிவுசெய்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் ஊனமுள்ள பிள்ளையை விருந்தினர் வரும்போது அறைக்குள் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனதில் எந்தக் காட்சி தங்குகிறது என்பதில் எங்கள் பலருடைய வாழ்க்கை தங்கியிருக்கிறது.

13. ஜெசிக்காவிடம் கேட்டீர்களானால், அவர் முறைப்பாடு எதுவும் இல்லை என்றுதான் சொல்வார். என்னிடமும், "இட்ஸ் ஓகே அன்ரி, தட் அங்கிள் இஸ் நைஸ்" என்றார். ஓகே என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளை. அதன்பின் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டால் மெல்பேர்னுக்குப் போக ஆயத்தம் என்கிறார். அங்கே ட்ருகனினாவில் வேலை கிடைத்திருக்கிறது, இம்மாத முடிவில் புறப்படுகிறார். போவதற்குள் இந்தக் கணக்கு தீர வேண்டும். நான் அவரைப் பிடித்திருப்பேனா, பிடித்திருக்க மாட்டேனா என்பது இன்றைக்கு உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கிண்ணம் இருக்கிறது, முடிவு இல்லை. அவருக்கு இரண்டுமே இல்லை.

14. எனவே கீழ்க்காணும் நடவடிக்கைகளை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(அ) முதலிடம் எனக்கு வழங்கப்பட்ட அறிவிப்பை மீளப் பெற வேண்டும். கிண்ணத்தை இம்மனுவுடன் ஒப்படைக்கிறேன். அதற்குள் இரண்டு கிழமை கறிவேப்பிலை வைத்திருந்தேன், கழுவியே தருகிறேன்.

(ஆ) ஜெசிக்கா சிட்னியை விட்டுப் போகுமுன் ஓட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும். பந்தலோ பேச்சுகளோ தேவையில்லை. பொன்னாடை அறவே வேண்டாம். சனத்துக்கு மட்டும் அறிவித்தால் போதும், றோல்ஸ் இருந்தால் அவர்கள் வருவார்கள்.

(இ) தாங்கள் கட்டாயம் வர வேண்டும். கயிற்றுக்கு வெளியே நின்று எவ்வளவும் கத்தலாம். எங்களில் எவரையும் பெயர் சொல்லி ஏசலாம். விழுந்தால், நாங்கள் கையைத் தூக்கிக் கேட்டால், அப்போது இறங்கி வாருங்கள். வேகமாக ஓடக்கூடியவர் என்பதை நேரில் கண்டிருக்கிறோம்.

(ஈ) இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறாள் என்று நினைத்தாலும் சரி: அடுத்த ஆண்டுக்குச் செயற்கைக் கால் போட்டவர்களுக்கும் ஓர் ஓட்டத்தைச் சேர்த்து, அதை இந்த மீளோட்டத்தின்போதே ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். கயிற்றடியில் அதைக் கேட்க ஒருவர் நிற்பார். அவரைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

15. கடைசியாக ஒன்று. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ தமிழ் விழாக்களுக்குப் போயிருக்கிறேன். ஒன்றிலும் ஒருவரிடமும் நான் தோற்றதில்லை, சென்ற மாதம்வரை எந்தப் போட்டியிலும் என்னைச் சேர்க்காதபடியால். ஜெசிக்கா என்னைவிட இளையவர், என்னைவிட வேகமானவர்; அவர் என்னை வெல்வார் என்றே என் மனம் சொல்கிறது. அன்று என் முழுப் பலத்தையும் போட்டு ஓட்டுவேன். அதற்குப் பிறகும் அவர் முந்தினால், இடையில் வேறெதையும் சொல்லிப் பூசி மெழுகாமல், ஜெசிக்கா வென்றார், அன்னமலர் தோற்றுப்போனார் என்று மைதானம் முழுவதும் கேட்க அறிவிக்கும்படி உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன்.

தங்கள் பதிலையும் தொடக்கத் துப்பாக்கியின் சத்தத்தையும் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
அன்னமலர் ஜெயசிங்கம்

இடம்: வென்ட்வேர்த்வில்
திகதி: 5 பெப்ரவரி 2025